சரோஜாதேவியின் தோல் பை

மான்தோல் ஈரத்தில் நீளும் என்று சரோஜாதேவிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நியூசிலாந்தின் ஹுனுவா மலைக்காட்டில், ஏப்ரல் மாதத்து மழையில், நடக்கத் தொடங்கிய இரண்டாவது மணித்தியாலத்தில் அவளுடைய முதுகுதான் அதை முதலில் கண்டுபிடித்தது. காலையில் தோள்களுக்கு நடுவே கச்சிதமாக இருந்த பை பத்து மணிக்கு இடுப்புக்கு இறங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பின்பக்கத்தில் இடித்தது. வார்களில் முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு மேலேயும் நீண்டது, கீழேயும் நீண்டது. கடைசி இரண்டு கிலோமீற்றரும் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் மற்றவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"தேவி, நீ வந்துவிட்டாய். உன் பை எத்தனை மணிக்கு வரும்?" என்று நடைக் குழுவை நடத்தும் கொலின் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கொலின் தலையைச் சொறிந்தான். பை தேறவில்லை என்று அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

அவர்கள் பதினொரு பேர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த நாட்டுக் காடுகளில் ஆட்கள் எப்படி நடந்தார்களோ அப்படி நடக்க ஆசைப்பட்டவர்கள். நைலோன் இல்லை, பிளாஸ்ரிக் இல்லை, ஸிப் இல்லை. கம்பளி, கன்வஸ், தோல், பித்தளை மட்டும்தான். சப்பாத்தைக் கடையில் வாங்கலாம். ஆனால் முதுகில் சுமக்கும் பையை அவரவர்தான் கையால் தைத்திருக்க வேண்டும். ஒருநாள் நடையில் தாங்காத பை, மே மாதக் கடைசியில் நடக்கும் மூன்றுநாள் நடைக்கு வராது. பை வராவிட்டால் ஆளும் வரமுடியாது.

"மூன்று கிழமையில் இன்னொரு ஒருநாள் நடை இருக்கிறது," என்றான் கொலின். "அதுதான் கடைசி. என்னிடம் பழைய பை ஒன்று இருக்கிறது, தருவேன். ஆனால் விதி..."

"வேண்டாம்," என்றாள் சரோஜாதேவி.

அவள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். இருபது வயதில், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, யுத்தத்துக்குத் தப்பி ஊரோடு சேர்ந்து ஒரு உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவகச்சேரி வரைக்கும் நடந்தவள். அந்தப் பையின் கயிறு தோளில் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஒக்லாந்துக்கு வந்து முதல் சில வருடங்கள் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தாள். பிறகு மனுரேவாவில் வீட்டுக்குக் கிட்டவே ஒரு சோபா தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பதினாலு வருடங்களாக அந்த மெஷின்தான். அங்கே தோல் வெட்டுகிற மேசையில் நிற்பவன்தான் கொலின்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் தான் தைத்த பை ஒன்றை அவன் காட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையால் ஆயிரக்கணக்கான சோபாக்கள் போயிருக்கின்றன. எல்லாம் யாரோ உட்கார்ந்திருப்பதற்கு. தனக்கென்று ஒன்றும் தைத்ததில்லை. அந்த எண்ணம் அன்று தொற்றியதுதான், பிறகு விடவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவன் மகேசன் இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது, "அங்க சுமந்து நடந்தது காணாதே உமக்கு?"

"அது ஓடினது," என்றாள் அவள். "இது நடக்கிறது."

இரண்டாவது, "என்ன தோல்?"

மாட்டுத்தோல் என்றதும் மகேசனின் முகம் சுருங்கியது. அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். மாட்டுத்தோலை வீட்டுக்குள் வைத்து வெட்டுவதா? இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். கடைசியில் மகேசனே ஒரு வழி கண்டுபிடித்தார். "மான்தோல் எண்டாப் பறவாயில்லை. முனிவர்மாரே அதிலதானே இருந்தவை." நியூசிலாந்தில் மான்தோலுக்குப் பஞ்சமில்லை. தொடுவதற்கும் துணிபோல மெத்தென்று இருந்தது. சரோஜாதேவி சந்தோஷமாக அதை வாங்கித் தைத்தாள். முனிவர்கள் அதன்மேல் இருந்தார்களே தவிர, பதினைந்து கிலோவை அதில் தொங்கவிட்டு மழையில் நடந்தவர்கள் இல்லை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஹுனுவா நடைக்கு அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் ஒனஹங்காவில் இருக்கும் தோல் கடைக்குப் போய் வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து, அவளுடைய நெஞ்சு உயரத்துக்கு இருந்த சுருள் ஒன்றை இறக்கினாள். கராஜின் கதவைப் பாதியில் விடாமல் முழுதாக உயர்த்தினாள். சுருளை நிலத்தில் விரித்தாள். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய, பலகை போல விறைத்த தோல். கராஜ் முழுக்க அதன் வாசம் நிரம்பியது.

மகேசன் வாசலில் வந்து நின்றார். "உது என்ன?"

"மாட்டுத்தோல்."

"மான் எண்டெல்லே கதைச்சு முடிவெடுத்தனாங்கள்?"

"மான் நீளுது. மாடு நீளாது."

"தேவி, நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு..."

"கதைச்சது ரெண்டு பேர். சுமந்தது நான் ஒராள்."

மகேசன் உள்ளே போனார். போனவர் தன் அண்ணனுக்கு போன் எடுத்தார்.

அண்ணன் குலசிங்கம் மறுநாள் பின்னேரமே நகரத்தின் வடகரையிலுள்ள கிளென்ஃபீல்டிலிருந்து துறைமுகப் பாலம் கடந்து வந்து சேர்ந்தார். கோயில் நிர்வாகசபையில் செயலாளர். குடும்பத்தில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அவர் வந்து கதைத்துத் தீர்ப்பதுதான் வழக்கம். அவர் தீர்த்த பிறகு யாரும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. கராஜுக்குள் கால் வைக்காமல், மகேசனோடு வாசலில் நின்றார். உள்ளே சரோஜாதேவி தோலின் மேல் முழங்காலிட்டு அளந்துகொண்டிருந்தாள். கடைசி வருடம் பள்ளிக்கூடம் போகிற மகள் நிலானி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவி, நீர் கெட்டிக்காரி," என்று குலசிங்கம் தொடங்கினார். "கேக் அடியும். சாறி பிளவுஸ் தையும். ஆரும் ஒண்டும் சொல்லாயினம். உது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"

"எங்கட ஆக்கள் எண்டா ஆர் அத்தான்?"

"உமக்குத் தெரியும்."

"தெரியாது. சொல்லுங்கோ."

குலசிங்கம் தம்பியைப் பார்த்தார். தம்பி நிலத்தைப் பார்த்தார். நிலானி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "வெயிட், பெரியப்பா. எங்கட ஆக்கள் செய்யிறேல்லை எண்டா, ஹூ டஸ் இட்? எந்த ஆக்கள்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிற மெஷின் ஒருமுறை நின்று திரும்பத் தொடங்கியது.

"பிள்ளைக்கு முன்னால உதுகள் கதைக்கிறேல்லை," என்றார் குலசிங்கம்.

சரோஜாதேவி எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "பிள்ளைக்கு முன்னால சொல்ல வெக்கமான கதையை எனக்கு மட்டும் ஏன் அத்தான் சொல்லுறியள்?"

"சரி, அதை விடும். சமயம் எண்டு ஒண்டு இருக்கெல்லே? பசுவை நாங்கள்..."

"உங்கட வீட்டில கறுப்புச் சோபா ஒண்டு கிடக்கு. மூண்டு பேர் இருக்கக்கூடியது. அதில சாய்ஞ்சுகொண்டுதானே தேவாரம் கேக்கிறனீங்கள்?"

"அதுக்கு என்ன?"

"அது நாலு மாடு."

நிலானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது கடையில வாங்கினது!" என்றார் குலசிங்கம்.

"கடைக்குத் தைச்சுக் குடுத்தது நான். எங்கட தொழிற்சாலைச் சோபா அது. இடது பக்கக் கைபிடிக்குக் கீழ பாருங்கோ, ரெட்டைத் தையல் கிடக்கும், அது என்ர மெஷின்." அவள் குரல் உயரவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. "இந்த வீட்டு அடுப்பு பதினாலு வருசமா மாட்டுத்தோலிலதான் எரியுது. அந்த வேலைக்குப் போகாதை எண்டு ஒருத்தரும் பாலம் கடந்து வந்து சொல்லேல்லை. நான் எனக்கெண்டு ஒரு பை தைக்க வெளிக்கிட்ட உடனதான் உங்களுக்குச் சமயமும் ஞாபகம் வருது, ஆக்களும் ஞாபகம் வருகினம்."

குலசிங்கம் தொண்டையைச் செருமினார். "நல்லது. செய்யிறதெண்டால் செய்யும். ஆனா அதைத் தோளில போட்டுக்கொண்டு எங்கட சனம் பார்க்கிற இடத்தில திரியாதேயும். மகேசனுக்கு வாற வருசம் திருவிழாப் பொறுப்பு வரப்போகுது. அவனை நினைச்சாவது செய்யும்."

தேநீர் குடிக்காமல் போனார். மகேசன் அவரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார். வந்தவர் முகத்தில் என்ன இருந்தது என்று சரோஜாதேவி பார்க்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

வாருக்குரிய தோலை மாட்டின் முதுகுத்தண்டை ஒட்டி, நீளவாக்கில் வெட்ட வேண்டும். அங்கேதான் தோல் இறுகிக் கிடக்கும். வயிற்றுப் பக்கம் நீளும். நேர்கோட்டுக்கு ஒரு நீண்ட பலகையைத் தோலின் மேல் வைத்து, அதன் ஓரமாகக் கத்தியை ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். பலகை நழுவினால் வார் கெட்டது. ஒரு கையால் பலகையை அமர்த்தினாள். நழுவியது. முழங்காலால் அமர்த்தினாள். கை எட்டவில்லை. நிலானி எப்போதோ உள்ளே போய்விட்டாள்.

மகேசன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்புக் காலைத் தூக்கிப் பலகையின் மறுமுனையில் வைத்து அழுத்தினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தோலைத் தொடேல்லை," என்றார் மகேசன். "பலகையைத்தான்."

"அசையாமல் நில்லுங்கோ."

கத்தி தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கத்துக்கு ஒரே சீராக ஓடியது. இரண்டு வார்களுக்கும் அவர் அசையாமல்தான் நின்றார்.

மெஷினில் என்றால் பத்து நிமிட வேலை. கையால் இரண்டு கிழமை பிடித்தது. குத்தூசியால் துளை போட்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊசிகளை விட்டு இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். வேகத்துக்குப் பழகிய அவளுடைய விரல்களுக்கு இந்த மெதுவான வேலை ஆரம்பத்தில் பிடிபடவில்லை. குத்தூசி இடது பெருவிரலில் இரண்டு முறை இறங்கியது. வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தைத்தாள். நாயோடு நடந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். அவள் மூடிக்கொண்டிருந்தால் குலசிங்கம் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

இரண்டாவது ஒருநாள் நடையன்று மழை இல்லை. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கவுரி என்ற அந்த நாட்டு மரங்களுக்கு மண்ணால் நோய் பரவாமல் சப்பாத்தைத் துலக்கும் இடத்தில் எல்லோரும் வரிசையாகக் கால்களைத் தேய்த்தார்கள். கொலின் அவளுடைய பையைத் தூக்கிப் பார்த்தான், வார்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"உனக்கு அதிர்ஷ்டம் தேவி. காய்ந்த நாள்," என்றான்.

அவளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. முதல் ஓடை வந்ததும் பையைக் கழற்றினாள். எல்லோரும் பார்த்து நிற்க, தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு வார்களையும் ஒரு கல்லால் அமர்த்தி ஊறவிட்டாள். ஊறட்டும் என்று கரையில் இருந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். பிறகு நீர் சொட்டச் சொட்டப் பையைத் தோளில் மாட்டினாள்.

"என்ன செய்கிறாய்?" என்றான் கொலின்.

"காய்ந்த நாளில் நடந்தாள் என்று பிறகு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

ஆறு மணித்தியாலம் நடந்தார்கள். ஈரத்தோல் சட்டைக்கு மேலாகத் தோளை அரித்தது. இறக்கமொன்றில் வழுக்கி ஒருமுறை விழுந்தாள், பையோடு எழுந்தாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பை காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. கொலின் அளவு நாடாவை எடுத்து வாரை அளந்தான். திரும்பவும் அளந்தான். தாளில் இருந்த பத்துப் பெயருக்குக் கீழே பதினோராவதாக அவளுடைய பெயரை எழுதினான். எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டுத்தான் எழுதினான். தேவி என்று சுருக்க அவள் விடவில்லை.

மூன்றுநாள் நடை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. எல்லோரும் பாப்பகுரா ஸ்ரேஷனில் சேர்வதாக ஏற்பாடு.

"நான் காரில விடுறன்," என்றார் மகேசன். "பையைப் பின்னுக்குப் போடும்."

"வேண்டாம். ரெயினில போறன்."

"இங்கத்தை ஸ்ரேஷனுக்கு அந்தத் தமிழ்க் கடையளுக்கு முன்னாலயெல்லே போகவேணும்? எங்கட சனம் நிக்கும்."

"ஓம், நிக்கும்."

அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்து இரண்டு முறை உருட்டினார். பிறகு மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பைக்குள் தானே வைத்தார். தோலைத் தொட்டு, கையால்தான் வைத்தார்.

கம்பளிப் போர்வை மேலே கட்டியிருக்க, பித்தளைக் கொளுவிகள் வெயிலில் மின்ன, அவள் பெரிய வீதியால் நடந்தாள். மனுரேவா ஸ்ரேஷன் வாசலில் திலகா நின்றிருந்தாள். மலேசியாக்காரி, கோயில் சமையலறையில் முதல் ஆள், கோயில் வாட்ஸப் குழுவிலும் முதல் ஆள். அவளிடம் ஒரு சொல் சொன்னால் ரயில் பாப்பகுராவுக்குப் போவதற்குள் அது கிளென்ஃபீல்டில் குலசிங்கத்திடம் போய்ச் சேரும் என்பது சரோஜாதேவிக்கு நன்றாகத் தெரியும்.

"என்னாக்கா, இவ்வளோ பெரிய பேக்கு! எங்க வாங்குனீங்க?"

"வாங்கேல்லை. நான் தைச்சது."

"நெசமாவா? நீங்களேவா?" திலகா கையை நீட்டி வாரைத் தடவினாள். "என்னா தோலு இது?"

"மாட்டுத்தோல்."

திலகாவின் கை அப்படியே நின்றது. அதை எடுப்பதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"ஓம், சொன்னவை," என்றாள் சரோஜாதேவி. ரயில் வந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு வார்களையும் ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.