லாயத்து மாப்பிள்ளை

ராயபுரத்தில் ஒரு தெரு இருந்தது. துறைமுகத்துக்கு நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் யாரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. கப்பல் ஊதினால், "எங்கேயோ ஏதோ சத்தம்" என்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளை கோத்து நிற்கும். நடுப்பகல் வெயில்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். ஏழு பங்களா, பதினோரு நாய். கல்மண்டபம் வட்டாரம் முச்சூடும் கேட்கக் கூவுகிற மீன்காரம்மா, இந்தத் தெருவில் கால் வைத்ததும் ரகசியம் சொல்வதுபோல "மீனு" என்பாள்.

நானும் அந்தத் தெருவாசிதான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. எந்த பங்களா என்று கேட்டால்தான் தலை குனிகிறது. மூன்றாவது பங்களாவின் கொல்லையில் ஒரு குதிரை லாயம். சொந்தக்காரர், வெள்ளைக்காரக் கம்பெனியில் துபாஷாக, அதாவது துரைகளுக்கு மொழிபெயர்த்து வியாபாரம் முடித்துக் கொடுப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், மோட்டார் வாங்கினார். குதிரை போயிற்று, நான் வந்தேன். குதிரையை அவர் ஒருநாளும் திட்டியதில்லையாம்.

வாடகை கிடையாது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை முடிந்து வந்ததும், அவர் சொல்லச் சொல்ல நான் கார்ப்பரேஷனுக்கு இங்கிலீஷில் புகார்க் கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரமே தெருவுக்கே நான் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாம் பங்களாவின் ஆங்கிலோ இந்திய அம்மாள், பக்கத்து வீட்டில் விடியற்காலையில் உரல் இடிக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாளின் பியானோவைப் பற்றி எழுதச் சொன்னார். இரண்டையும் ஒரே சூட்டோடு எழுதினேன். ஆறாம் பங்களா கருவாட்டு மொத்த வியாபாரி, தெருவில் கருவாட்டு நாற்றம் வீசுகிறது என்று புகார் சொன்னார். காற்று அவருடைய கிடங்கிலிருந்துதான் வந்தது. சிரிக்காமல் எழுதியதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கரி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, வீடு திருவொற்றியூரில். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் கேசரியை வாய்க்கு அனுப்பினேன். அது வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பெண் வாய்விட்டுச் சிரித்தாள், வாசலில் போனவர் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

என் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "தம்பி பங்களாவுல கீறான்" என்று மட்டும்தான் பெண் வீட்டாரிடம் சொன்னாள். லாயம் பங்களா காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது? நானும் மறுக்கவில்லை. பங்களாக்காரன் என்று நாலு பேர் பார்த்த பார்வை ருசியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க மேஸ்திரி வருவதாகச் சேதி வந்தது. நல்லவேளை, அன்று பெரியவர் மயிலாப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். வாட்ச்மேனைப் பிடித்தேன். "அண்ணே, ஒரு மணி நேரம் நான்தான் ஐயா. இன்னா ஆனாலும் வுட்டுக்குடுக்காத."

"தலைய வெட்னாலும் சொல்ல மாட்டேன், நைனா" என்றான்.

மேஸ்திரியும் அவருடைய அக்காவும் வந்தார்கள். நான் வராந்தாவில் பெரியவரின் பிரம்பு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். குரோட்டன்ஸ் இலையை விரலால் தடவிப் பார்த்தார். விரல் கறுத்தது. "நாங்க எறக்குற கரி இங்க வந்து குந்திகினு கீது" என்று சிரித்தார். அதன்பிறகு சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தெருவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. இது ஒத்துவராது."

மேலே போட்டிருந்த காலை இறக்கினேன். "ஏன் மாமா?"

"எம் பொண்ணு சிரிச்சா நாலு வூட்டுக்குக் கேக்கும். இங்க எல உழுற சத்தம்கூடக் கேக்குது. அவ சிரிச்சா இந்தத் தெருவுல காயிதம் எழுதிப் போட்ருவாங்க."

எழுதப் போவது யார் என்று நினைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

"அவள இந்த மாதிரி வூட்ல குட்தா, பாக்க வர்றதுக்கு நானே கொல்லப்பக்கமாத்தான் வரணும். வேணாம்ப்பா. நீ உன் தராதரத்துக்குப் பாத்துக்கோ."

எழுந்து நின்றேன். கௌரவமாவது ஒன்றாவது. "மாமா, இது என் வூடே இல்ல. நான் பின்னால குதிரை லாயத்துல கீறேன்."

மேஸ்திரி அக்காவிடம் திரும்பினார். "பாத்தியாக்கா? பெரிய மனுசங்க எப்டி அடக்கமாப் பேசுறாங்க!"

இருவரையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் பாயைக் காட்டினேன். டிரங்குப் பெட்டியைக் காட்டினேன். கொள்ளு வைக்கும் தொட்டியில் அடுக்கியிருந்த என் சட்டைகளைக் காட்டினேன்.

"யாரோ வேலக்காரன் தங்குற எடம்" என்றாள் அக்காக்காரி. "நம்மள வெரட்டத்தான் இந்த நாடகம். புடிக்கலேன்னா நேராச் சொல்றது."

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "அண்ணே, சொல்லுண்ணே, நான் எங்க கீறேன்?"

அவன் விறைப்பாக சல்யூட் அடித்தான். "ஐயா மாடில கீறாரு."

"மெய்யச் சொல்லுண்ணே!"

"ஐயா தமாசு பண்றாரு, அம்மா." வாழ்நாளில் எனக்கு யாரும் அவ்வளவு விசுவாசமாக இருந்ததில்லை. அவனைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தார். பின்னாலேயே நான் ஓடினேன். அப்போது வாசலில் மோட்டார் ஹாரன் கேட்டது. மகள் வீடு பூட்டியிருக்கவே, பெரியவர் போன வேகத்தில் திரும்பிவிட்டார்.

இறங்கியவர் வராந்தாவைப் பார்த்தார். இடம் மாறிக் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். என் சலவைச் சட்டையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என் நாற்காலியிலே உட்கார்ந்தியாடா? லாயத்திலே இடம் கொடுத்தா வராந்தாவுக்கு வருவியா? இப்படியே விட்டா நாளைக்கு என் கட்டிலிலே படுத்துக்குவே!"

மேஸ்திரி நின்றார். கண்கள் விரிந்தன. மெதுவாகப் பெரியவர் அருகில் போனார். "சாமி, இவுரு மெய்யாலுமே லாயத்துலதான் கீறாரா?"

"வேற எங்கே இருப்பான்? போன மழைக்கு அதுவும் ஒழுகுதுன்னு என் உயிரை எடுத்தான்!"

"ஒழுகுதா?" என்றார் மேஸ்திரி. பூரித்துப்போன குரல்.

"ஒழுகும். குதிரைக்கு ஒழுகாத கூரை இவனுக்கு மட்டும் ஒழுகுது! எழுதுற இங்கிலீஷிலே பத்து வரிக்கு எட்டுத் தப்பு. இவனுக்கு லாயமே ஜாஸ்தி!"

ஒவ்வொரு திட்டுக்கும் மேஸ்திரியின் முகத்தில் ஒரு விளக்கு ஏறியது. எனக்காக யாரும் அப்படியொரு சிபாரிசு செய்ததில்லை. "பங்களாவுல கீறேன்னு சும்மா குந்திகினு இருந்தியே, அது ஒண்ணுதாம்ப்பா உன் தப்பு" என்றார். என் தோளில் ஓர் அடி வைத்தார். அந்த வலி செவ்வாய்க்கிழமை வரை இருந்தது. "தண்டையார்பேட்டைல ஒரு வூடு பாரு. வெள்ளிக்கெழம பாக்கு வெத்தல மாத்திக்கலாம்."

அக்காக்காரி மட்டும் மோட்டாரை ஏக்கத்தோடு ஒருமுறை தடவிவிட்டு, "போச்சு" என்று முணுமுணுத்தாள்.

பெரியவர் இன்னும் நிறுத்தவில்லை. நான் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முகத்தை எவ்வளவு அடக்கியும் முடியவில்லை.

"வெட்கம் கெட்டவன்!" என்று அவர் வாட்ச்மேனிடம் கத்தினார். "திட்டத் திட்டப் பல்லைக் காட்டுறான் பார்!"