அறுத்துப் போட்ட கதிர்மேல்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும், ஐந்தாவதோடு நின்றவன். அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திக்கொள்ளும்படி நம் மாதாகோயில் பங்கு மலர் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் நானும் என் மனைவி பிலோமினாவும் சீர்காழிக்குப் புறப்பட்டோம். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகனுக்கு துபாயில் கட்டட வேலை. மகளுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். காலை ஆறரைக்குப் பூதலூரில் பாசஞ்சர் ஏறினோம். மயிலாடுதுறையில் மாறவேண்டும். தஞ்சாவூரில், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஊர் திரும்பும் பையன்கள் இரண்டு பேர் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். கும்பகோணத்தில் பிலோமினா எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து அவர்களுக்கும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஸ்டேஷன் போயிருக்கும். பெட்டி ஒருமுறை குதித்தது. அப்புறம் தரை எது, கூரை எது என்று தெரியவில்லை. எதனால் தடம் புரண்டது என்பது எனக்குத் தெரியாது.

பெட்டி வயலில் பக்கவாட்டாகக் கிடந்தது. ஜன்னல் வழியே சேறு உள்ளே வந்திருந்தது. பையன்களில் ஒருவன் வாயில் சோற்றோடு இறந்துகிடந்தான். மற்றவனைக் காணவில்லை. பிலோமினாவின் வலது கால், நசுங்கிய சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வெளியே ஆட்கள் அடுத்த பெட்டிப் பக்கமே ஓடினார்கள்.

"கூப்பிடுங்களேன்" என்றாள்.

"ஐயா" என்றேன்.

"கல்யாணத்தப்ப கோயில்ல சம்மதம்னு சொன்னப்பவும் இதே கொரலுதான். சாமியாரு ரெண்டு தடவ கேட்டாரு. இங்க யாரு ரெண்டாந்தடவ கேப்பா? கத்துங்க!"

கத்தினேன். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். இரும்பை வெட்டி அவளை வெளியே எடுக்க மதியமாகிவிட்டது.

ரோடு அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஆம்புலன்ஸ்கள் அங்கேதான் நின்றன. நடுவில், முந்தின நாள் மழையில் முழங்கால் அளவு சேறு. வரப்பில் ஓர் ஆள்தான் நடக்கலாம். எங்களுக்கு முன்னால் போன ஸ்ட்ரெச்சர் சரிந்து, அதில் இருந்தவர் சேற்றில் விழுந்தார். வரப்போரமாகச் சேலையால் மூடிய உடல்களைக் கிடத்தியிருந்தார்கள்.

அந்த வயலுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மறுநாள் அறுக்க மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்த குறுவை நெல் அது. ஊர் இளவட்டங்கள் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, உதவிக்கு வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களை அந்தம்மா அரிவாள் எடுத்துவரச் சொன்னார். கதிரோடு அறுத்து, சேற்றின்மேல் கனமாகப் பரப்பிக்கொண்டே ரோடு வரை போனார்கள்.

பிலோமினாவைத் தூக்கிவந்த நான்கு பேரும் அந்தக் கதிருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். விளைந்த நெல்லைச் சேற்றில் மிதித்து அமுக்க யாருக்குக் கால் வரும்? ஒருவர் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னய்யா, பூசையா பண்றீங்க? மிதிச்சுக்கிட்டு ஓடுங்க!" என்று அந்தம்மா அரிவாளை ஆட்டினார்.

"அக்கா, உங்க நெல்லு..." என்றாள் பிலோமினா.

"அது அடுத்த போகத்துல வரும். நீ வாய மூடிக்கிட்டுப் போ, தாயி."

நானும் மிதித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறி, மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கும்பகோணம் போய், பஸ் மாறி அந்த வயலுக்குப் போனேன். சுற்றிலும் அடுத்த போகத்துக்குத் தாளடி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயலில் மட்டும், மிதிபட்ட நெல் முளைத்து ரோடு வரை பச்சைக் கோடாக இருந்தது. அதை உழுதுபோட டிராக்டர் வந்து நின்றது.

"யாருங்க?" என்றார் அந்தம்மா.

"அன்னிக்கு ரயில்ல வந்தோங்க. உங்க நெல்லுன்னாளே, அவ வீட்டுக்காரன்."

"அட, அந்தத் தங்கச்சி வீட்டுக்காரரா! கால எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலீங்க."

"அப்பாடா!" என்று மண்வெட்டியைக் கீழே போட்டார். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "ஏ, கேட்டீங்களா? கால எடுக்கலயாம்!" என்று கூவினார். எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அக்கா, அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அவள் இறந்துவிட்டாள். ஆனால் அந்தச் சேற்றில் இல்லை. வெள்ளை விரித்த கட்டிலில், மகளின் வயிற்றில் கைவைத்தபடி இறந்தாள். உள்ளே குழந்தை உதைத்ததும், "பொண்ணுதான்" என்று அடித்துச் சொன்னாள். பையன்தான் பிறந்தான். அந்த மூன்று நாளும் உங்கள் நெல் கொடுத்தது.

நம் பங்கு மலர் அந்த ஊருக்குப் போவதில்லை. அச்சானதும் நானே எடுத்துக்கொண்டு போவேன்.

கல்லறைத் திருநாள்,
நவம்பர் 2.