தஞ்சாவூருக்கு ஒரு வேன்

முதலில் மூன்று பேர் ரயிலில் போய் வருவதாகத்தான் இருந்தது. நான், என் கணவர், அப்போது எட்டாம் வகுப்பு படித்த எங்கள் மகள். ராஜபாளையம் வழியாக மயிலாடுதுறை போகிற வண்டியில் ஏறினால் தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் லாட்ஜ். ஒரு நாள் அரண்மனை, ஒரு நாள் பெரிய கோயில், சாயங்காலம் சும்மா கடைத்தெருவில் சுற்றுவது. காலாண்டு விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுவிட்டேன். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. எந்த லோடு எந்தத் தேதிக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பேன்.

பயணமே மகளுக்காகத்தான். அவளுக்கு வரைவதில் பைத்தியம். பெரிய கோயில் நந்தியின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரம்மா. யாரும் என்னைய கூப்பிடக் கூடாது, எந்திரின்னு சொல்லக் கூடாது" என்றாள். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத பிள்ளை. சரி என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தேன்.

என் கணவரின் வாயில் எதுவும் நிற்காது. தளவாய்புரத்தில் இருக்கிற தன் அக்காவிடம், அதாவது என் மதினியிடம், போனில் பேசும்போது உளறிவிட்டார். அன்று சாயங்காலமே மதினி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மூணு பேரும் கமுக்கமா கெளம்புதியளாக்கும். நாங்க தஞ்சாவூரு பாத்து எம்புட்டு வருசமாச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை எதிர்த்து இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. மாடியில் குடியிருக்கிற என் கணவரின் அண்ணன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. ரயில் போய் வேன் வந்தது, மூன்று பேர் ஒன்பது பேரானோம்.

வேன் என்றால் அப்புறம் ஊர் பார்ப்பதெல்லாம் கிடையாது, கோயில்தான். "போற வழிதான" என்று சமயபுரம் சேர்ந்தது, ஸ்ரீரங்கம் சேர்ந்தது. சுவாமிமலை போகிற வழியிலேயே இல்லை, அதுவும் சேர்ந்தது. நேரம் போதவில்லை என்று அரண்மனையை எடுத்துவிட்டார்கள். "மகால் பாக்கணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர்லயே ஒண்ணு இருக்கு. பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வா" என்று மதினி சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தது நான்தான்.

நந்தி மட்டும் மிஞ்சியது. இரண்டாம் நாள் மாலை நான்கிலிருந்து ஐந்து மணி வரை என்று போட்டு, யாரும் கை வைக்காதபடி அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

அடுத்தது தேதி குறிக்கிற வேலை. எங்கள் பக்கம் கோயிலுக்கு வேன் பிடிக்க வேண்டுமென்றால் டிரைவரைக் கேட்பதற்கு முன்னால் பெண்களைக் கேட்க வேண்டும். யாருக்கு என்றைக்கு மாதவிலக்கு என்று தெரியாமல் நாள் சொல்ல முடியாது. ஆண்கள் இந்தப் பேச்சு தொடங்கும்போதே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மதினிக்கு அது நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டதால் கேள்வி கேட்கிற இடத்தில் அவர் இருந்தார். பதில் சொல்கிற இடத்தில் நானும், மாடி அக்காவும், மதினியின் மருமகளும். மூன்று பேருடைய தேதிகளையும் லோடு அனுப்புகிற மாதிரி முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து, யாருக்கும் இடிக்காத மூன்று நாளை விடுமுறைக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "கெட்டிக்காரிதான்" என்றார் மதினி. எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வேனுக்குச் சொல்லி, லாட்ஜும் பதிவு செய்த பிறகு ஒருநாள் மதினி கேட்டார்.

"சின்னவளுக்கு என்னைக்கு?"

என் மகளை நான் சேர்க்கவே இல்லை. அவள் பெரியவளாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு அவள் இன்னும் சின்னப் பிள்ளைதான். போய்க் காலண்டரைப் பார்த்தேன். சரியாக இரண்டாம் நாள்.

"மாத்திரை குடுத்துரு. தள்ளிப்போயிரும். என் மருமவ எத்தன தடவ போட்டுருக்கா" என்றார் மதினி.

"பதிமூணு வயசுதான மதினி."

"அப்ப அவள வீட்ல விட்டுட்டு நீ தொணைக்கு இரு. நாங்க போய்ட்டு வாரோம். எல்லாம் முடிவான பொறவு அம்புட்டு பேரையும் நிறுத்தச் சொல்லுதியா?"

கணவரிடம் போய் நின்றேன். "பொம்பளைய விசயத்துல என்னைய ஏன் இழுக்க? அக்காகிட்டயே பேசு" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். அந்த ரிமோட்டைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. வந்தாலும் யாரிடமும் சொல்லாதே, உள்ளே போய் வரை என்று மகளின் காதில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மதினிக்குப் பயந்துதான் என்று சொன்னால் அது பாதி உண்மை. எனக்கே பயம். படித்த படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நாளில் கோயில் வாசலைத் தாண்ட என் கால் எழும்பாது. டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்துவிட்டேன். நான் போட்ட அட்டவணைக்குள் நானே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் என் கணவரோடு படித்தவர். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். மகளிடம் என்ன சொல்வது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்து, வீடு வருவதற்குள் ஒன்று தயார் செய்துவிட்டேன். அவளுக்கு வேனில் ஏறினாலே குமட்டும்.

"வாந்தி வராம இருக்கதுக்கு" என்றேன்.

"நாலு நாளைக்கு முன்னாடியேவா?"

"ஆமா, இது புதுசா வந்துருக்கு."

தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். வேளை தவறாமல் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

கிளம்பிய அன்று வேனில் ஒரே கும்மாளம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்கினார்கள். என் கணவர் அக்காவைக் கேலி செய்ய, அவர் "ஏலே, சும்மா வா" என்று சிரித்தார். கல்லுப்பட்டி தாண்டியதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டு என் தோளைத் தட்டினாள். வேனை ஓரம் கட்டச் சொல்லி அவளை இறக்கினேன். ஒரு வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடி அக்கா ஜன்னல் வழியாக ஒரு மாத்திரையை நீட்டினார்.

"இந்தா, வாந்திக்கு" என்று அதை மகளிடம் கொடுத்தேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "இதுதான் வாந்திக்கு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா. அட்டையில இருந்த பேர போன்ல போட்டுப் பாத்தேன்."

"என்னைக்கு பாத்த?"

"நீ குடுத்த அன்னைக்கே."

"தெரிஞ்சுமா முழுங்குன? ஏட்டி, எங்கிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நான் வேண்டாம்னா நீயும்லா வீட்ல இருக்கணும்" என்றாள். "அவிய எல்லாரும் போய்ட்டு வந்துருவாவ."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் எல்லாரும் இறங்கி வந்து என்ன என்று கேட்பார்கள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். செத்த நேரம் இப்படியே நின்றுவிட்டு, எதிரே வருகிற பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட மனசில் ஓடியது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்தோம். அக்கா கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். மதினி முன் சீட்டிலிருந்து திரும்பி, "மணி எட்டாச்சே, குடுத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த மாத்திரை அட்டை இருந்த கைப்பையை நான் திறக்கவில்லை. மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகளே கையை நீட்டினாள்.