சித்திரையில் காட்டுகிறேன் என்ற மரம்

மூத்த பேத்தி கஜானி மருத்துவம் படிக்க இடம் எடுத்துவிட்டாள். இளையவள் பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவது. பேரன் இங்கே பலெர்மோவில் இத்தாலியப் பிள்ளைகளையே முந்தி இத்தாலியப் பாடத்தில் பரிசு வாங்கினான். இதையெல்லாம் பர்மிங்ஹாமில் இருக்கும் என் அண்ணருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுக்கப் போனேன். அதற்குள் அது அடித்தது. அவருடைய மகள் வதனி. “மாமி, அப்பா போயிட்டார்.”

அண்ணர் சிவராசா பஸ் ஓட்டியவர். ஓரிடத்தில் இருக்கமாட்டார். ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிக் கிடக்கும், அவர் வாசலில் நிற்பார். என்னிடமுள்ள படங்களில் எல்லாம் அசைந்து கலங்கலாகத்தான் இருக்கிறார்.

2003 தையில் நான் போனபோது, ஓய்வு நாளிலும் பஸ்ஸில் ஏற்றி, என்னை மேல்தட்டில் இருத்தி, தாம் நின்றபடியே தாம் குடியிருந்த மோஸ்லிப் பகுதியைக் காட்டினார்.

“இது முந்திக் கிராமம், பிள்ளை. தொழிற்சாலை முதலாளிமார் புகைக்குப் பயந்து இஞ்சை வந்து மாளிகை கட்டினவை. பிறகு நகரம் வளந்து இதையும் விழுங்கிப்போட்டுது. மரத்தை மட்டும் விழுங்கேலாமல் போச்சு.”

அந்த மாளிகைகள் பல இப்போது அறை அறையாக வாடகைக்கு. ஒரே கதவில் எத்தனை அழைப்பு மணிகள்! அண்ணரும் முதலில் அப்படி ஓர் அறையில் இருந்துதான், ஜன்னலோர மரத்தைப் பார்த்துக்கொண்டு, மனைவி பிள்ளையின் விசாவுக்குக் காத்திருந்தார். அந்த மரம் தளிர்த்த கிழமைதான் மச்சாளும் வதனியும் வந்து இறங்கினார்களாம்.

நான் வெளியே பார்த்தேன். மொட்டைக் கிளைகள் கண்ணாடியில் உரசின.

“மரம் எண்டியள், விறகெல்லோ நிக்குது அண்ணை!”

“உன்ரை பலெர்மோ ஒழுங்கையிலை ஒரு இலை இருக்கோடி?”

“ஓம், சந்தையிலை, கீரைக்கட்டிலை.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். “சித்திரையிலை வா. என்ரை மரத்தைக் காட்டிறன். பாத்திட்டுக் கதை.”

வாறன் என்றேன். ஒவ்வொரு சித்திரையும் ஏதோ ஒன்று: மகளின் பிரசவம், நான் வேலைக்கு நின்று பராமரிக்கும் முதிய சிஞ்ஞோராவின் நோய். இந்த மாசியில் அண்ணர் போனபோது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், நாட்டைவிட்டு வெளிக்கிட முடியவில்லை. செத்தவீட்டு நேரம் இருப்புக்கொள்ளாமல் இங்கே பலெர்மோத் தெருக்களில் போர்கோ வெக்கியோவிலிருந்து கால்சா வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். வாய்க்கரிசி போடவேண்டிய கை சும்மா தொங்கியது.

வதனி, அப்பா பெட்டிக்குள் கிடக்கும் படத்தை எனக்கு அனுப்பாதே. அசையாத அண்ணரை நான் அறியேன். சித்திரையில் அந்த மரம் தளிர்க்கும்போது புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு, பிள்ளை. காற்றடித்து இலைகள் கலங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை. பாத்திட்டுக் கதைக்கிறன்.