அஞ்சு நாள் கரண்ட்டும் ரெண்டு பூப்பொட்டலமும்

ஆத்தாவை நம்புற எல்லாருக்கும் சொல்றேன், எனக்கு நடந்ததைக் கேளுங்க.

2008 தை மாசம். இருமல் நிக்கலையேன்னு மதுரையில படம் எடுத்தோம். நுரையீரல் ஓரத்துல சின்னக் கட்டி. புத்துநோயாம். ஆரம்பம்தான், ஆனா ஆபரேஷன் தாங்காதுன்னாங்க. பஞ்சு மில்லுல இருபது வருசம் தூசி குடிச்ச நெஞ்சு. எனக்கு அழுகை வரலை. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, எங்க ஊரு பரவை வரைக்கும் சன்னல்ல வேடிக்கை பாத்துக்கிட்டே வந்தேன். யாருக்கோ வந்த சீக்கு மாதிரி இருந்துச்சு.

டாக்டரம்மா ரெண்டு வழி சொன்னாங்க. மதுரையிலேயே ஆறு வாரம், கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் வைக்கிறது, அதான் கதிர் பாய்ச்சுறது. இல்லைன்னா மெட்ராஸ்ல புது மிஷின். கட்டியை மட்டும் குறிபாத்து, பெரிய அளவா அஞ்சே தடவை. எனக்கு ஆறு வாரம்தான் பலமாப் பட்டுச்சு. அஞ்சு நாள்ல போறதுக்கு இதென்ன காய்ச்சலா? வீட்டுக்காரரு மெட்ராஸ்தான்னாரு. தப்பான வழியில போனா உசுரு போயிரும். அதுகூட உறைக்கலை எனக்கு. சோறு போட்டா தின்னேன், படுன்னா படுத்தேன்.

"ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்"னேன். பேரையூர் பக்கம் எங்க குலசாமி கோயில். மெட்ராஸுக்கு வெள்ளைப் பூ, மதுரைக்குச் செவப்பு. வீட்டுக்காரருதான் பொட்டலம் கட்டினாரு. "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியலை, நீயே வழி சொல்லு"ன்னு கும்பிட்டேன். பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளை.

போனோம். மூச்சு விட்டாக் கட்டியும் அசையுமாம். அளவெடுத்து, ஆடாமப் படுக்கப் போட்டு அஞ்சு தடவை கரண்ட் வச்சாங்க. வலி இல்லை, களைப்புதான் அம்புட்டு இருந்துச்சு. அடுத்த தையில படம் பாத்துட்டு, "கட்டி அடங்கிருச்சு, இது தழும்பு"ன்னாங்க.

பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனோம். அப்பதான் வீட்டுக்காரரு வாயைத் தொறந்தாரு. "ஏ புள்ள, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

"அட பாவி மனுசா! சாமிகிட்டயா வெளையாடுவீங்க?"

"டாக்டரம்மாவை மூணு தடவை தனியாப் போய்ப் பாத்தேன். கட்டி ஓரத்துல இருக்கு, உணவுக்குழாய்க்குத் தள்ளி இருக்கு, இருக்கிற நுரையீரலும் கெடாது, அதனால மெட்ராஸ் மிஷின்தான் தோதுன்னாங்க. நான் சொன்னா நீ கேக்கமாட்ட. ஆத்தா கோவிச்சா என்மேல கோவிக்கட்டும்னு கட்டிட்டேன்."

சொல்லிட்டு, சன்னதியைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. சாமி குத்தம்னு ஒரு வருசமாப் பயந்து கிடந்திருக்காரு.

அன்னைக்குத்தான் அழுதேன். கோயில் வாசல்லயே உக்காந்து அழுதேன். வழி சொல்லுன்னு நான் கேக்குறதுக்கு முந்தியே, இந்த மனுசனை மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு நடக்க வச்சிருக்கா ஆத்தா.

மரத்துப்போய் உக்காந்திருக்கிறவங்க யாராச்சும் இருந்தா, நீங்களும் அவகிட்ட கேளுங்க. அழுகை வராட்டியும் கேளுங்க. இப்ப வெள்ளிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் போறோம். அவரு இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் நன்றி சொல்லிட்டு வாரேன்.