சண்முகவடிவு கப்பல் கம்பெனி

"எல்லாரையும் இறங்கச் சொல்லுங்கோ."

படகிலிருந்த ஒன்பது பேரும் கரைக்கு இறங்கினார்கள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அதிகாரி சிவபாதம் புத்தகத்தை மூடினார். படகில் குறை ஒன்றுமில்லை. ஆயிரத்து ஐந்நூறு ராத்தல் தாங்கும் என்று அவரே எழுதியிருந்தார். ஆனால் துறையில் தராசு கிடையாது; பாரம் தெரியாமல் ஆட்களை ஏற்ற அனுமதிக்க முடியாது என்றார். அரிசி மூட்டையும் மரக்கறியும் இதுவரை போல் போகலாம்.

சண்முகவடிவு துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

புது அணையின் தண்ணீரில் பாலம் மூழ்கியபின், கால் மைலில் இருந்த பஸ் ரோடு ஒன்பது மைலாகிவிட்டது. பிரசவ வலியில் துடித்த மீனம்மாவைக் கம்பளியில் கட்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிள்ளை பாதி வழியில், மழையில் பிறந்தது. கம்பளியின் ஒரு முனையைத் தூக்கியவள் சண்முகவடிவு. திரும்பி வந்ததும் கணவனிடம் படகு வேண்டும் என்றாள். வீரய்யா தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சன். எட்டு மாதம் பிடித்தது. தோட்டத்து லய வீடுகளில் கப்பல் கம்பெனி என்று கேலி செய்தார்கள். அவன் அதையே அவள் பெயரோடு சேர்த்துப் படகில் வெள்ளையாக எழுதிவிட்டான்.

"பாரம் நான் சொல்றேங்க" என்றாள்.

"பார்த்தே சொல்லுவீரோ?"

"தூக்கிப் பார்க்க விடமாட்டீங்களே சார்."

அவள் கொழுந்துக் கூடை மாட்டியது 1948இல், பதினான்கு வயதில். பதினேழு வருடமாகக் கூடையை இறக்குமுன்பே இத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவாள். தராசு முள் அங்கேதான் நிற்கும். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் ஈரத்துக்கு என்று இரண்டு ராத்தல் கழித்தே எழுதுவார். வெயில் நாளிலும் கழிப்பார்.

அதைச் சோதிக்க, சிவபாதம் ஃபேக்டரியிலிருந்து மூட்டைத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். படகிலிருந்து இறங்கிய அம்மாக்கண்ணுவைத் தொண்ணூற்றாறு என்றாள் சண்முகவடிவு. தொண்ணூற்றாறு. அழகனைப் பார்த்து, மடியில் ஒளித்திருக்கும் கல்லைப் போட்டுவிட்டு ஏறச் சொன்னாள். அவன் போட்டான். நூற்றுப் பதினெட்டு. அதுவும் சரி.

கடைசியில் சிவபாதம் தானே ஏறி நின்றார்.

"நூத்தி அறுபத்தொண்ணு."

முள் நூற்று அறுபத்து மூன்றில் நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முத்துலிங்கம், தப்பு என்றார்.

சண்முகவடிவு அதிகாரியின் கால்களைப் பார்த்தாள். படகைச் சோதிக்க முழங்கால் தண்ணீரில் இறங்கியவர். சப்பாத்திலிருந்தும் காற்சட்டையிலிருந்தும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரத்துக்கு ரெண்டு ராத்தல் கழிச்சுக்கங்க, கணக்கப்பிள்ளை ஐயா."

முதலில் அம்மாக்கண்ணு சிரித்தாள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. சிவபாதத்துக்கு விளங்கவில்லை. வீரய்யா காரணத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தராசில் நின்றபடியே புத்தகத்தைத் திறந்தார். ஆட்களை ஏற்றலாம், பாரம் பார்ப்பவர் சண்முகவடிவு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. முதல் நடையில் ஒன்பது பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் போயின. மீனம்மா பிள்ளைக்கு ஊசி போட டிக்கோயா போனாள். இரண்டாம் நடைக்கு, தோட்டத்துத் தபாலோடு ஹட்டன் போக முத்துலிங்கம் வந்தார். அவரை நூற்று நாற்பது என்றாள். குடையோடா என்று கேட்டார். குடையோடு என்றாள்; ஈரத்துக்கு ஒன்றும் கழிக்கவில்லை. பத்து மணிக்குத் தூறல் விட்டது.