அக்காவுக்குப் போன என் திட்டுகள்

அநீதி இழைக்கப்பட்டவள் கோமதி, அதாவது நான். என் அப்பா எனக்குத் தர வேண்டிய திட்டுகளையெல்லாம் என் கண்ணெதிரிலேயே அக்கா வடிவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதுதான் பிராது.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு அட்டெண்டண்ட் என்று பெயர். விண்ணப்பம் போடாமலே கிடைக்கும், ராஜினாமா செய்ய முடியாத உத்தியோகம். அதற்குத் தரும் பாஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் தேய்ந்தவர்களே, உங்களுக்காவது என் நியாயம் புரியும்.

பாக்கி நின்ற பதில்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மற்ற வீடுகளில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள சப்ஜி இருக்கும்; எங்கள் வீட்டில் வாக்குவாதம் இருக்கும். அப்பா மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். டில்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் திட்டுவது திருநெல்வேலித் தமிழில்தான். நான் எம்.ஏ. முடிக்கப் போகிறேன், அடுத்து லா படிக்க வேண்டும் என்றேன். பேங்கில் வேலை பார்க்கும் வடிவைப் போல நானும் பரீட்சை எழுதி ஒரு உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்றார் அவர். அன்றைக்குச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேட்டு அவரை மடக்கினேன். கையைக் கழுவிக்கொண்டே, "பாயிண்ட் இருக்கு. நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் வயிற்று வலி. பிறகு கண் மஞ்சள், ஆஸ்பத்திரி, ஈரலில் புற்றுநோய் என்ற முடிவு. அப்புறம் தலைவலி வந்தது, வார்த்தைகள் இடறின; மூளைக்கும் பரவிவிட்டது என்றார்கள். எங்கள் பஞ்சாபி டாக்டருடன் அதற்கும் வாதாடினேன். ஈரலில் வருவது மூளைக்கா போகும், சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அபூர்வம்தான் மகளே, ஆனால் உன் அப்பா எதிலாவது மற்றவர்கள் மாதிரி இருந்திருக்கிறாரா?"

ஆள் மாறாட்டம்

பகலில் நான், பேங்க் முடிந்ததும் வடிவு; இதுதான் எங்கள் ஷிப்ட். ஒரு நாள் காலையில் கஞ்சியோடு போனேன். அப்பா என்னைப் பார்த்து, "வா வடிவு" என்றார், பட்டுத் துணியை மடிப்பது மாதிரியான குரலில். என்னிடம் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. "நான் கோமதிப்பா" என்றேன். "சரிம்மா" என்றார். சரியாம்! என் அப்பாவா இது?

சாயங்காலம் வடிவு வந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கும் ஜாதி அவள். அவளைக் கண்டதும் அப்பா படுக்கையில் நிமிர்ந்தார். "ஏட்டி கோமதி, இவ்வளவு நேரம் எங்க ஊரு சுத்திட்டு வார?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவள் நான், போடாதவள் அவள் என்று ஆதாரத்தோடு அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுபடி அவளைத் திட்டத் தொடங்கினார். அடுத்த படுக்கை சர்தாரின் மனைவி எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஹிந்தியில் சொன்னாள்: "அச்சா, இங்கே எல்லாரும் ஆசீர்வாதத்துக்கு நிக்கறாங்க, நீ திட்டு வாங்கவா நிக்கறே?"

தோற்ற கேஸ்

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக மாட்டேன். திரைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எனக்கு வர வேண்டியதில் எவ்வளவு அவளுக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மூளை வீக்கம் வடிய ஊசி போட்டிருந்தார்கள். அன்று அப்பாவின் பேச்சு கொஞ்சம் தெளிவு. "ஏட்டி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டா நீ வக்கீலாயிருவியோ? ஒன்னைய நம்பி எவன் கேஸ் குடுப்பான்?"

என் கேஸ்! பாக்கி நின்ற அதே கேஸ்! இதற்கு என்னிடம் பதில்கள், அவிழ்த்தால் கொட்டும் நெல்லிக்காய் மூட்டையாக இருந்தன. வடிவோ, "நீங்க சொன்னா சரிப்பா" என்றாள். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

அவளை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். "என் கேஸ்ல நீ எப்படித் தோத்துக் குடுக்கலாம்? அவர் சண்டை போடுதது எங்கூட. அது உனக்கு எதுக்கு?" என்று கத்தினேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "'வா வடிவு'ன்னு அவர் கூப்பிடுத குரலு என்னோடது. அதைத் தெனமும் நீதானட்டி வாங்கிட்டிருக்க, நான் ஒங்கிட்ட வந்து கேட்டேனா?"

தீர்ப்பு

மறுநாள் காலை அப்பாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். "வடிவு" என்றார். திருத்த வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன். "சொல்லுங்கப்பா" என்றேன், அவளைப் போல.

"இந்தக் கோமதிக்கு என்ன செய்யுது?" வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். "எதைச் சொன்னாலும் 'சரி'ங்கா. எதுத்து ஒரு வார்த்தை கிடையாது. மேலுக்குச் சொகமில்லையோ?"

ஈரலும் மூளையும் கைவிட்ட மனுஷன், என் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார். சீப்பு என் கையிலேயே நின்றது. வடிவு இந்த மாதிரி எத்தனை பேச்சைத் தனியாகக் கேட்டிருப்பாள் என்று அப்போதும் ஒரு பொறாமை வந்தது, மறைப்பானேன். "அவ லா படிக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

 அந்தக் காலைக்குப் பிறகு அவர் பேசிய நாட்கள் கொஞ்சம்தான். ஆக, சகஊழியர்களே, இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தீர்ப்பும் அக்கா பெயருக்குத்தான் வந்தது:

"படிக்கட்டும். ஆனா இப்பம் அவகிட்டச் சொல்லிராத வடிவு, அப்புறம் எங்கூடச் சண்டைக்கு வர மாட்டா."